மறுதாம்பு

முதல் தடவை போனபோது
பத்தொன்பதாம் நாள் இரவு அனுப்பிவிட்டார்கள்.
காரணம் ஒரு முடிச்சு.
உரக்கடையில் லோடு கட்டுகிற இழுப்பு முடிச்சைத்
தெப்பத்தில் போட்டுக் காட்டினேன், கேமரா எதிரே.
கைதட்டினார்கள்.
தட்டிய கைகளே அன்றிரவு
என் பெயரைச் சீட்டில் எழுதின.
செங்கமலவல்லி.
ஏழு சீட்டு, ஒன்றில்கூட எழுத்துப்பிழை இல்லை.

இரண்டாம் அழைப்பு வந்த அன்று
வயலில் கரும்பு வெட்டு.
பழையவர் எட்டு, புதியவர் எட்டு என்றார்கள்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கட்டை சீவுகிறவர்களுக்குக் கூலி எண்ணியபடியே
சரி என்றேன்.

மன்னார்குடி சும்மா இருக்குமா.
பந்தலடியில் பந்தயம் கட்டினார்கள்.
பழம் தின்று கொட்டை போட்டவர்கள், லேசாக ஜெயிப்பார்கள்
என்றது ஒரு கட்சி.
தோற்ற குதிரைக்கு எதற்கு மறுபடி லாடம்
என்றது இன்னொன்று.
என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு எதிலும் சேரவில்லை.
'மறுதாம்புக்குக் கரணைச் செலவு மிச்சம்.
ஒரு மாசம் முந்தியே முத்திடும்.
தண்டு மட்டும் கொஞ்சம் மெலிசா வரும்.'
கரும்பைச் சொல்கிறார் என்றே வைத்துக்கொண்டேன்.

தீவில் முதல் வாரம் எங்கள் ராஜ்ஜியம்.
பசி மூன்றாம் நாள் உச்சிக்குப் போய்
நாலாம் நாள் தானே இறங்கும், தெரியும்.
எந்தக் கேமராவுக்கு எப்போது பேட்டரி மாற்றுவார்கள்,
அந்த ஆறு நிமிடத்துக்குள் எதைப் பேசி முடிக்கலாம், தெரியும்.
புதியவர்கள் தேங்காய் உடைக்கத் தெரியாமல்
ஒருவரையொருவர் உடைத்துக்கொண்டார்கள்.
வரிசையாக மூன்று பேர் பெட்டி கட்டினார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம்
பிரிஸ்கா, வேளாங்கண்ணிப் பெண்,
இருபத்திரண்டு வயது,
அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்:
'அக்கா, பொய் சொல்லும்போது
இடது காதைத் தொடுவீங்களே, தெரியுமா?'
தெரியாது.
முப்பத்து நாலு வருஷமாகத் தெரியாது.
அவள் என்னைப் பத்தொன்பது எபிசோடு பார்த்திருக்கிறாள்,
சிலதை இரண்டு தடவை.
நான் அவளைப் பார்த்தது எட்டே நாள்,
அதுவும் புகைக்குள்.

எங்கள் லட்சணமோ இப்படி:
ஆளாளுக்குத் தன் பழைய எபிசோடோடு மல்லுக்கட்டினோம்.
போன தடவை கத்தித் தொலைந்த ஞானவேல்
வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.
ஏதோ திட்டம் போடுகிறான் என்று
ஒன்பதாம் நாளே அனுப்பினார்கள்.
நான் கயிற்றைத் தொடுவதில்லை என்று சபதம்.
தெப்பம் அவிழ்ந்து
என் கண்ணெதிரே நகர்ந்து போனது.
முடிச்சு தெரிந்த கை
மடியிலேயே கிடந்தது.

இருபத்தோராம் நாள் வெளியே வந்தேன்.
இரண்டு நாள் கூடுதல்.
ஊரில் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
துரைக்கண்ணு மட்டும் மனசுக்குள் வகுத்துப் பார்த்து
'பத்து சதவீதம்' என்றார்.
ஜெயித்தது பிரிஸ்கா.

நேற்று கூப்பிட்டாள்.
பின்னால் கடற்காற்று, மாதா கோயில் மணி.
'மறுபடி வரச் சொல்றாங்கக்கா.
இந்தத் தடவை நான் பழையவ.'
குரல் நடுங்கியது.
என்னைப் பத்தொன்பது எபிசோடு படித்தவளை
இப்போது ஊரே படித்து முடித்திருக்கிறது.
'நீங்க வரலையே?'

பாமணியாற்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.
வெட்டிய கட்டைகளில்
விரல் உயரத்துக்குப் பச்சை.
இரண்டாம் மறுதாம்பு.
இதற்கு மேல் விட்டால் கட்டுப்படியாகாது என்கிறார் துரைக்கண்ணு.
காலையில்தான் அதே நம்பரிலிருந்து
எனக்கும் வந்திருந்தது.

'எங்கேம்மா வர்றது, கரும்பு வெட்டு நடக்குது'
என்றேன்.

வெட்டு முடிந்து பதினோரு நாள் ஆகிறது.
வலது கையில் போன்.
இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து
அசையவிடாமல்
அழுத்திக்கொண்டிருந்தேன்.